காவல்காரனுக்கு ஒரு தயிர்ச்சட்டி

ஒரு மனிதரை அவருடைய சொந்த வீட்டிலிருந்து நன்றி சொல்லி வெளியே அனுப்பப் பார்த்த மடையன் நான். சும்மா அனுப்பப் பார்க்கவில்லை, காவல் காத்ததற்குச் சன்மானமாக ஒரு சட்டி எருமைத் தயிரும் கொடுத்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது என்று சொல்லிச் சமாளிக்கலாம்தான். ஆனால் என் வகுப்பில் மற்ற ஒன்பது வயதுக்காரர்கள் எல்லாம் எந்த வீடு யாருடையது என்று தெளிவாகத் தெரிந்தவர்களாகவே இருந்தார்கள். மாங்காய் களவெடுக்கப் போகிறவனுக்கு அது தெரியாவிட்டால் முதுகு தப்பாது. நானும் அந்தத் தொழிலில் இருந்தவன்தான். கல்முனைக்குடியில் எந்த மரம் எந்த வளவில் நிற்கிறது, அந்த வளவில் எந்த நாய் கட்டப்பட்டிருக்கிறது என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். என்னுடைய வீடு எது என்பதில்தான் கொஞ்சம் பிசகிவிட்டது.

கல்யாண வீடுகளில் ஆறு பேர் ஒரே பெரிய தட்டைச் சுற்றியிருந்து சஹன் சாப்பாட்டுக்குக் காத்திருக்கும்போது, சோறு வரப் பிந்தினால், இந்தக் கதையை எடுத்துவிடுவேன். பசியை மறந்து சிரிப்பார்கள். சிரிப்புக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவோடு நிறுத்திக்கொள்வது என் வழக்கம். மிச்சத்தையும் ஒருமுறை சொல்லிப் பார்க்கலாமென்று இப்போது இருக்கிறேன்.

சூறாவளி அடித்துப்போன அடுத்த வருடத்து மாரி அது. கரை நெடுகத் தென்னைகள் தலையில்லாமல் நின்ற காலம். எங்கள் வீட்டுக் கூரையும் அந்தக் காற்றில் பறந்துபோய்க் கிணற்றடியில் ஓடு ஓடாகக் கிடந்தது. வாப்பா தையல்காரர். கல்முனைக் கடைத்தெருவில் ஒரு புடவைக்கடை வாசலில் மெசின் போட்டிருந்தார். ஏணியில் நாலு படி ஏறினாலே அவருக்குக் கால் உதறும். அப்படிப்பட்டவர், கூலியாள் கிடைக்காத அந்த நாட்களில், தானே முகட்டில் ஏறிக் குந்திக்கொண்டு, கிழிந்த சேர்ட்டுக்கு ஒட்டுப்போடுவது போலப் பொறுக்கியெடுத்த ஓடுகளை அடுக்கினார். கீழே நின்று எடுத்துக் கொடுத்தவன் நான். கொடுத்ததைவிட உடைத்தது கூட. கடைசியில் அடுப்படியான குசினி மூலையில் மட்டும் ஓடு போதாமல் போனது. அந்த மூலை ஒழுகியதற்கு முழுப் பொறுப்பும் என் கைதான். இதையெல்லாம் பார்க்க உம்மா இருக்கவில்லை. சூறாவளிக்கு முந்திய நோன்பிலேயே மௌத்தாகிவிட்டிருந்தார்.

எங்கள் கரையில் வீடு பெண்ணுக்குரியது. மகள் பிறந்த அன்றே கல்லும் மணலும் சேர்க்கத் தொடங்குவார்கள். மகனுக்கு ஒன்றும் சேர்க்க வேண்டியதில்லை. அவன் வளர்ந்து, தன் பாயைச் சுருட்டிக்கொண்டு, இன்னொரு வீட்டு மகளுக்குக் கட்டிவைத்த வீட்டில் போய் இருப்பான். வெளியூர்க்காரர்களிடம் இதைச் சொன்னால், ஒங்கட ஊரில் பொம்பிளைகளுக்கு எவ்வளவு மரியாதை என்று மெச்சுவார்கள். அந்தப் பெண் போய்விட்டால் அவள் கட்டிய மாப்பிள்ளை எங்கே போவான் என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் மெச்சுவதற்கு இடைஞ்சல்.

எங்கள் வீடு உம்மாவுக்கு வாயால் கொடுத்த வீடு. காணி உறுதி எழுதுவதற்குள் அவருடைய காலம் முடிந்துவிட்டது. உம்மாவின் வாப்பாவும் உம்மாவும் முன்னரே போய்விட்டதால் எல்லாப் பொறுப்பும் மாமாவின் தலையில். அவர் அடுத்த வளவில் கல்யாணம் முடித்திருந்தார். உம்மாவின் ஒரே தங்கையான சாச்சியும் அவரோடுதான் இருந்தார். எங்களுக்குச் சோறும் கறியும் வேலிக்கு மேலால் சாச்சியின் கையிலிருந்துதான் வரும். மாமாவுக்குக் கரைசேர்க்க ஒரு தங்கை இருந்தாள், கொடுக்க இன்னொரு வீடு இருக்கவில்லை. அவர் கெட்ட மனிதரல்ல. முதலில் வாப்பாவிடம்தான் கேட்டாராம், சாச்சியையே முடித்துக்கொள்ளுங்கள், வீடு வீடாக இருக்கும், பிள்ளை பிள்ளையாக இருப்பான் என்று. ஊரில் நடக்காத காரியமும் அல்ல. வாப்பா மாட்டேன் என்றாராம். என்ட கல்யாணத்தண்டு மூக்குச் சளியோட மடியில வந்து இருந்த புள்ள அவ, என்றாராம்.

இந்த 'ராம்' எல்லாம் எனக்கு மீசை முளைத்த பிறகு வந்து சேர்ந்தவை. சம்மாந்துறையிலிருந்து சாச்சிக்கு மாப்பிள்ளை பேசி முடிந்ததும், ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்த கையோடு நிக்காஹ் என்று நாள் வைத்ததும், அதற்குமுன் எங்கள் வீட்டுக்கு வெள்ளையடிக்க வேண்டியிருந்ததும், வெள்ளையடிக்கிறவனுக்கு வீடு வெறுமையாக வேண்டியிருந்ததும் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. எனக்குச் சொல்லப்பட்டது ஒரு பயணம்.

"பொத்துவில்ல ஒரு ஹாஜியார்ர வீடு. குடும்பத்தோட மக்காவுக்குப் போறாங்க. அவங்க வரும்வரைக்கும் நாம போய் இரிந்து வீட்டப் பாத்துக்கணும்," என்றார் வாப்பா.

பள்ளிக்கூடம் இல்லை, லொறியில் பயணம், அதற்கும் மேலே உத்தியோகம். இதைவிட ஒருவனுக்கு என்ன வேண்டும். அன்று பின்னேரமே தெருவில் இறங்கி, பொத்துவிலில் ஒரு பெரிய மாளிகையைக் காவல் காக்க என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒருவன், ஒன்னைக் காவல் வெச்சா மாங்காய்க்கு ஆரு காவல் என்று கேட்டான். பொறாமை என்று விட்டுவிட்டேன். ஆனால் அவன் கேட்டதில் பாதி மனதில் தைத்துவிட்டது.

"நாம போனா நம்மட வீட்ட ஆரு வாப்பா பாக்கிற?"

வாப்பா கடையிலிருந்து கொண்டுவந்திருந்த மெசினின் தலையைக் கழற்றிக்கொண்டிருந்தார். வாயில் இருந்த திருகாணியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார்.

"மாமா ஒராள் வெப்பாரு."

"காவலுக்கா?"

"ஓம். காவலுக்குத்தான்."

சந்தேகப்பட எனக்கு எத்தனையோ இடம் இருந்தது. மெசினின் இரும்புக் கால் பாரம் என்று அதை மட்டும் விட்டுவிட்டுத் தலையை ஒரு சாக்கில் சுற்றினார். உம்மாவின் தொழுகைப் பாயைச் சுருட்டினார். பீங்கான்களை வைக்கோல் வைத்துக் கட்டினார். கடைசியில் கிணற்று வாளியையும் கயிற்றோடு அவிழ்த்து எடுத்தார். அடுத்தவன் வீட்டைக் காக்கப் போகிறவன் தன் கிணற்று வாளியை எதற்குக் கொண்டுபோகிறான் என்று ஒரு கோழிக்குஞ்சு கூட யோசித்திருக்கும். பொத்துவிலில் வாளிக்குத் தட்டுப்பாடு என்று நான் முடிவு செய்தேன்.

வரப்போகும் காவல்காரருக்காக என்னால் ஆனதையும் செய்தேன். ஒரு கரித்துண்டை எடுத்துக் குசினிச் சுவரில் எழுதினேன்: இந்த மூலை ஒழுகும். கறுத்தக் கோழி கொத்தும். பின் கதவை உதைத்தால்தான் திறக்கும். கீழே என் பெயரையும் போட்டு, வீட்டுக்காரன் என்றும் எழுதினேன். புறப்படும்போது சாச்சி வேலியடியில் நின்று என் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். மழையில் நனையும் தலையை இவ்வளவு நேரம் எதற்குத் தடவுகிறார் என்று எனக்கு எரிச்சல்.

லொறி காரைதீவுச் சாமித்தம்பி அண்ணனுடையது. கல்முனைக் கடைகளிலிருந்து சீனியும் மாவும் மண்ணெண்ணெய் டின்னும் தெற்கே ஏற்றிப்போவார், திரும்பும்போது தேங்காயோ விறகோ தயிரோ எது அகப்படுகிறதோ அது. அவருடைய காற்சட்டைகளைத் தைப்பவர் வாப்பா. அந்த உறவில் முன் ஆசனத்தில் எங்களுக்கு இடம் கிடைத்தது. லொறியின் மழைத்துடைப்பான் செத்து வருடக்கணக்காகியிருந்தது. அதில் ஒரு சணல் கயிற்றைக் கட்டி, இரு பக்கத்து யன்னலாலும் உள்ளே விட்டிருந்தார். ஒருவர் மாற்றி ஒருவர் இழுத்துக்கொண்டிருந்தால் கண்ணாடி தெரியும். சாரதி பக்கத்தால் அவரே இழுப்பார். மற்றப் பக்கத்துக் கயிறு எனக்குக் கிடைத்தது. வாழ்க்கையில் நான் வகித்த பதவிகளில் அதைவிடப் பெரியது இன்றுவரை வாய்க்கவில்லை.

"தம்பி, நீ கைய நிப்பாட்டினா நாம மூணு பேரும் களப்புக்குள்ளதான். மீனுக்கு முஸ்லிம் தமிழன் எல்லாம் ஒண்டு," என்றார் சாமித்தம்பி அண்ணன்.

மழை நிந்தவூரில் எங்களோடு ஏறி அக்கரைப்பற்று வரை இறங்கவில்லை. இரண்டு பக்கமும் வயல் தெரியவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது. வரம்புகள் அங்கங்கே முதுகைக் காட்டிக்கொண்டு கிடந்தன. சாக்குப் படங்கைத் தலைக்கு மேலே பிடித்தபடி ஆட்கள் தெருவோரத்தில் ஒதுங்கி நின்றார்கள். லொறி இறைத்த சேற்றை அவர்கள் ஏற்றுக்கொண்ட விதத்திலிருந்து சாமித்தம்பி அண்ணனின் குடும்பத்தைப் பற்றிப் பல விசயம் தெரிந்துகொண்டேன். அவர் கேட்காதவர் போல இருந்தார்.

அக்கரைப்பற்றில் நிறுத்தினோம். அங்கேதான் வாப்பா பிறந்து வளர்ந்த வீடு. அவருடைய அக்காவுக்கு, ராத்தா என்று அவர் கூப்பிடுகிற என் மாமிக்கு, சீதனமாகப் போன வீடு. மாமியைக் கட்டிய மாப்பிள்ளை கதிரையை இழுத்துப் போட்டார். வாப்பா செருப்பைக் கழற்றவில்லை. படியில் நின்றபடியே தேத்தண்ணியை வாங்கி, வாய் வேக வேகக் குடித்தார். மாமி உள்ளே வரச்சொல்லி இரண்டு முறை கேட்டார். "இல்ல, லொறி நிக்கிது," என்றார் வாப்பா. மாமியின் மாப்பிள்ளை மூன்றாம் முறை கேட்க விடவில்லை, "ஓம் ஓம், அவருக்குப் பயணம் கெடக்கு," என்று எங்களுக்காகப் பேசினார். லொறியில் சாமித்தம்பி அண்ணன் ஆசனத்தில் நீட்டி நிமிர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அது நிற்கத்தான் செய்தது. அவசரம் அதற்கு இருந்ததாகத் தெரியவில்லை.

திருக்கோவில் தாண்டியதும் ஒரு பக்கம் கடல் இரைச்சல், ஒரு பக்கம் காடு. சாமித்தம்பி அண்ணன் பேச்சை எடுத்தார். வாப்பாவை அவர் அண்ணன் முறையில் காக்கா என்பார்.

"ஹாஜியார் எப்ப காக்கா வருவார்?"

"பெருநாள் கழிஞ்சு கொஞ்ச நாள்ல."

"அதுக்குப் பொறகு?"

வாப்பா யன்னல் பக்கம் பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, மழைதான்.

"கயித்த இழு மனே. கண்ணாடி தெரியல்ல," என்றார்.

நான் அதுவரை நிறுத்தாமல்தான் இழுத்துக்கொண்டிருந்தேன். கண்ணாடி நன்றாகவே தெரிந்தது. ஆனாலும் உற்சாகமாகிக் கயிறு அறுகிற வேகத்தில் இழுத்தேன்.

ஹாஜியார் வீடு என் புளுகுக்குக் குறையாத வீடுதான். கட்டில் போட்ட அறைகள், கண்ணாடி அலுமாரி, ஹோலில் கைகளை அகல விரித்த சாய்மனைக் கதிரை. வாப்பா அறைகளை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மறுபடி பூட்டினார். எங்கள் பாய் விறாந்தையில் விரிந்தது. மூன்று கல் வைத்துச் சமையல் வீட்டுக்குப் பின்னால் கோடிப்புறத்தில். தண்ணீர் எங்கள் வாளியால். எங்கள் பீங்கானில் சாப்பாடு. அந்த வீட்டின் ஒரு கரண்டியைக்கூட நாங்கள் தொட்டதில்லை. மஹ்ரிபுக்கு விளக்கு வைப்பது, கோழிகளை அடைப்பது, ஒழுக்கு இருக்கிறதா என்று பார்ப்பது, அவ்வளவுதான் உத்தியோகம். கூரையில் ஒழுக்கே இல்லை. எனக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்.

ஒருநாள் வாப்பா பள்ளிக்குத் தொழப் போன நேரத்தில் ஹாஜியாரின் கதிரையில் ஏறிப் படுத்தேன். வயிற்றின்மேல் ஒரு தலையணையை வைத்துச் சட்டையை மூடி, கோழிகளை அழைத்து ஒவ்வொன்றுக்கும் புத்தி சொன்னேன். ஒரு கோழியின் மகளுக்கு மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்த இடத்தில் வாப்பா வந்துவிட்டார். வழக்கமாக என் கூத்துகளுக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பவர். அன்று காதைப் பிடித்துத் தூக்கினார்.

"எழும்பு. இது நம்மட இல்ல."

"அது தெரியும் வாப்பா. சும்மாதானே இரிந்த நான். நம்மட கதிரையில இப்ப நம்மட காவல்காரர் இரிக்க மாட்டாரா?"

வாப்பா காதை விட்டார். பிடித்ததைவிட விட்டதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கோடிப்புறம் போய் ஈர விறகை வெகுநேரம் ஊதிக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு வெள்ளைக்காரன் வந்தான். பக்கத்தில் அறுகம்பே கடற்கரைக்கு அலையில் பலகை ஓட்ட வருகிற கூட்டம் மழைக்கு முன்பே போய்விடும். இவன் எப்படியோ பிந்தி நின்றுவிட்டான். முதுகில் ஒரு மூட்டை, கிழிந்த சாரன், நாடியில் தண்ணீர் சொட்டும் தாடி. மழைக்கு ஒதுங்க விறாந்தையில் ஏறினான். காவல்காரன் என்ற முறையில் நான் தடுக்கப் போனேன். வாப்பா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். அவன் சுவரைக் காட்டி, வாப்பாவைக் காட்டி, உன் வீடா என்பதுபோல் கையால் கேட்டான். வாப்பா இல்லை என்று தலையாட்டிவிட்டு, உன்னுடையது எங்கே என்று கையால் கேட்டார். அவன் இரண்டு கையையும் விரித்து, வீடு என்று ஒன்று இல்லவே இல்லை என்பதை உலகத்துப் பெருமையெல்லாம் சேர்த்துக் காட்டினான். வாப்பா சிரித்தார். உம்மா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. கண்ணால் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அவனும் சிரித்தான். பகிடி எங்கே என்று தெரியாமல் நானும் சேர்ந்து சிரித்தேன். போகும்போது அவனுடைய சாரனின் கிழிசலைப் பிடித்து நிறுத்தி, மெசின் தலையைக் கையால் சுற்றி இரண்டு ஓட்டில் தைத்துக் கொடுத்தார்.

ஹாஜியார் வந்த நாள் ஊரே கூடியது. அன்றுதான் காவல் முடிவதற்கு ஒரு முறை உண்டு என்று கண்டேன். தன் சொந்த வீட்டு வாசலில் ஹாஜியார் நின்று சலாம் சொன்னார். வாப்பா சாவிகள் கோத்த திறப்புக்கோவையை இரண்டு கையாலும் நீட்டினார். ஹாஜியார் வாப்பாவைக் கட்டிக்கொண்டு, "அல்லாஹ் ரஹ்மத் செய்வான். என்ட வீட்ட அமானிதமாப் பாத்தீங்க," என்றார். பிறகு பையிலிருந்து பேரீச்சம்பழம், ஸம்ஸம் தண்ணீர், எனக்கு ஒரு வெள்ளைத் தொப்பி. அவருடைய மனைவி தன் பங்குக்கு, ஓலையால் வாய் கட்டிய ஒரு சட்டி எருமைத் தயிரை என் கையில் வைத்து, "வீட்ட கொண்டு போ மனே," என்றார். இன்னும் நாலு நாள் நின்று போகலாமே என்று ஹாஜியார் சொன்னார். வெளியே லொறி நிற்கிறது என்றார் வாப்பா. அப்போது லொறி வந்திருக்கவே இல்லை. மழையில் சந்தியில் நின்று காத்திருந்தோம், வாளியும் மெசின் தலையும் தயிர்ச்சட்டியுமாக.

தயிரை என்ன செய்வது என்று நான் அங்கேயே தீர்மானித்துவிட்டேன். லொறியில் ஏறியதும் அறிவித்தேன்.

"இது நம்மட காவல்காரருக்கு."

"தயிர் புளிச்சிரும். நாமளே திம்பம்," என்றார் வாப்பா.

"அப்ப நம்மட வீட்ட பாத்தவருக்கு நாம என்ன குடுக்கிற? ஹாஜியார் குடுத்தாரே."

சாமித்தம்பி அண்ணனுக்கு இருமல் வந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருந்த லொறியை ஓரங்கட்டி, இறங்கிப்போய் ஒரு டயரை உதைத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

அன்று என் கயிற்று உத்தியோகம் வாப்பாவுக்குப் போனது. எனக்குச் சட்டி உத்தியோகம். ஒவ்வொரு குழிக்கும் நானும் சட்டியும் சேர்ந்தே ஆசனத்தை விட்டு எழும்பி, சேர்ந்தே இறங்கினோம். கோமாரிக்கு இப்பால் தாழ்ந்த பாலமான தாம்போதியில் தண்ணீர் தெருவின்மேலேயே பாய்ந்துகொண்டிருந்தது. பாதி தூரத்தில் லொறி தும்மிவிட்டு நின்றது. சாமித்தம்பி அண்ணன் ஆட்களைக் கூப்பிட்டுத் தள்ளினார். நாங்கள் இறங்கி நடக்க வேண்டியதாயிற்று. வாப்பாவின் தோளில் மெசின் தலை, என் தலையில் தயிர்ச்சட்டி, என் இடுப்பளவு தண்ணீர். சட்டியைப் பிடித்த கைகளில் ஒன்றை வாப்பா விடச் சொன்னார், நான் விடவில்லை. அவர் என் சட்டைக் கொலரைப் பிடித்துக்கொண்டார். தண்ணீர் காலை இழுக்கிற ஒவ்வொரு தடவையும், அந்தக் காவல்காரர் எப்படிப்பட்டவராக இருப்பார், தயிரைச் சீனி போட்டுச் சாப்பிடுவாரா, கருப்பட்டி போட்டா என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அக்கரை சேர்ந்தபோது ஓலை மட்டும்தான் நனைந்திருந்தது. என் ஆயுளில் நான் உடைக்காமல் கொண்டுபோய்ச் சேர்த்த ஒரே பாத்திரம் அது.

அக்கரைப்பற்றில் நாங்கள் நிற்கவில்லை. காரைதீவு தாண்டும்போது வாப்பா, "கல்முனைல மெசின்ட கால எடுக்கணும். எஞ்சின நிப்பாட்டாத தம்பி. எடுத்துக்கிட்டு மருதமுனைக்குப் போவம், அங்க ஒரு வீடு பாத்திரிக்கன்," என்றார். எனக்குக் கல்முனை என்பது மட்டும்தான் காதில் விழுந்தது.

எங்கள் வீட்டுக்குப் போகும் ஒழுங்கை நனைந்த மருதோன்றி இலையும் சேறுமாகக் கிடந்தது. வேலிக்குப் புது ஓலை. சுவர் கண் கூசுகிற வெள்ளை. காவல்காரர் கெட்டிக்காரர்தான் என்று நினைத்தேன். வாப்பா வேலியின் கடப்படியில் நின்று, ஹாஜியாரைப் போலவே, தன் வீட்டு வாசலில் சலாம் சொன்னார். முறை தெரிந்த மனிதர் என்று எனக்குப் பெருமையாக இருந்தது. பதில் வரும்வரை பொறுக்க மாட்டாமல் செருப்பைப் படியில் உதறிவிட்டுச் சட்டியோடு உள்ளே போனேன்.

வாப்பாவின் கதிரையில் ஒருவர் இருந்தார். மடிப்புக் கலையாத புதுச் சாரன், சின்னவிரலில் மருதோன்றிச் சிவப்பு. காவல்காரருக்கு எதற்கு மருதோன்றி என்று ஒரு கணம் பட்டது. பெரிய விசயமில்லை. நேராக நின்று, சலாம் சொல்லி, சட்டியை இரண்டு கையாலும் நீட்டினேன்.

"அல்லாஹ் ரஹ்மத் செய்வான். எங்கட வீட்ட அமானிதமாப் பாத்தீங்க. நாங்க வந்திட்டம். இனி நீங்க ஒங்கட வீட்ட போகலாம்."

அவர் சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆரு மனே நீ?"

யாருடைய வீட்டைக் காவல் காக்கிறோம் என்றே தெரியாமல் ஒருவர் காத்திருக்கிறார். பாவமாக இருந்தது.

"வீட்டுக்காரன்," என்றேன். "குசினி மூல ஒழுகுதா?"

"ஓம், ஒழுகுது," என்று அவர் சிரித்தார். நல்ல சிரிப்பு. "எந்த மடையன் மேஞ்ச கூரையோ தெரியா."

கடப்படியில் நின்ற வாப்பாவுக்கு அது கேட்டிருக்கும். அது அவ்வளவு தூரமில்லை.

குசினியிலிருந்து ஈரக்கையோடு சாச்சி வந்தார். புதுச் சாரி, கழுத்தில் நகை. என்னைக் கண்டு, வாசலுக்கு வெளியே வாப்பாவைக் கண்டு, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார். "சாச்சி, இவருக்குச் சோறு கறி ஒழுங்காக் குடுத்தீங்களா?" என்று கேட்டேன். சாச்சி என் கையிலிருந்த சட்டியை வாங்கி, முகத்தை நிமிர்த்தாமல், வந்த வழியே உள்ளே போய்விட்டார். அந்த மனிதர் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் எழுந்து நின்றார். அவருக்கு விளங்கிவிட்டது. அந்த வீட்டில் அப்போது விளங்காமல் இருந்தவன் ஒருவன்தான்.

"உள்ளுக்கு வாங்க காக்கா. ஏன் மழையில நிக்கிறீங்க," என்று அவர் வாசலுக்குப் போனார்.

"இல்ல தம்பி. லொறி நிக்கிது."

இருவரும் சேர்ந்து மெசினின் இரும்புக் காலைத் தாழ்வாரத்திலிருந்து தூக்கினார்கள். அவர் தன் புதுச் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு பாரமான பக்கத்தைத் தன் கைக்கு எடுத்ததைப் பார்த்தேன். அந்த இடைவெளியில் நான் குசினிக்குள் எட்டிப் பார்த்தேன். சாச்சி தயிர்ச்சட்டியை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் குந்தியிருந்தார். அவருக்குப் பின்னால் சுவர். ஒழுகும் மூலையும் கொத்தும் கோழியும் என் பெயரும் வெள்ளைக்கு அடியில் போயிருந்தன. மூலையில் மட்டும் மழைத்தண்ணீர் இறங்கி, மஞ்சளாக ஒரு கோடு விழுந்திருந்தது.

ஒழுங்கை முனையில் சாமித்தம்பி அண்ணன் ஹோர்ன் அடித்தார். நான் வாசலுக்கு வந்தேன். வாப்பா கடப்படிக்கு வெளியே இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு நனைந்தபடி நின்றார். அந்த மனிதர் எங்கள் பக்கம் பார்க்காமல் உள்ளே வந்து, கதிரையில் இருக்கவும் முடியாமல், சுவரோரமாக நின்றார். காவல் முடிந்தும் ஆள் போகிற பாடாக இல்லை. வாப்பா கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன்.

"வாப்பா, அவர் இன்னும் போகல்ல. நீங்க ஒருக்காச் சொல்லுங்களன், இது நம்மட வீடு எண்டு."

"செருப்பப் போடு," என்றார் வாப்பா.